மறுநாள் காலை

1844 அக்டோபர் 23, புதன்கிழமை. அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு அந்த நாளைப் பற்றி எந்தத் திட்டமும் இல்லை. முந்தின நாளே இயேசு கிறிஸ்து வானத்திலிருந்து இறங்கி வந்திருக்க வேண்டும். அதை நம்பிச் சிலர் கடையை மூடியிருந்தார்கள். சிலர் வேலையை விட்டிருந்தார்கள். கடனையெல்லாம் அடைத்துவிட்டுக் காத்திருந்தவர்களும் உண்டு. உருளைக்கிழங்கைத் தோண்டாமல் வயலிலேயே விட்ட விவசாயிகள், குளிர்காலம் வரப்போவதில்லை என்றே நினைத்தார்கள். குளிர்காலம் வந்தது. கிறிஸ்து வரவில்லை. 'மாபெரும் ஏமாற்றம்' என்று சரித்திரம் இதற்குப் பெயர் வைத்திருக்கிறது.

உலக முடிவுக்குத் தேதி குறித்தவர்களைக் கேலி செய்வது சுலபம். அன்று பத்திரிகைகள் அதைத் தாராளமாகச் செய்தன. வெள்ளை அங்கி தைத்துக்கொண்டு கூரைமேல் ஏறி நின்றார்கள் என்று ஒரு கதை பரவியது. அதற்குச் சரியான ஆதாரம் இல்லை என்று 1944ல் பிரான்சிஸ் நிக்கல் என்ற அட்வென்டிஸ்ட் எழுத்தாளர் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். அங்கிக் கதை நமக்கு முக்கியமில்லை. உருளைக்கிழங்குதான் முக்கியம். ஏனென்றால் தேதி குறிப்பவர் ஒருவர். அதற்கு விலை கொடுப்பவர்கள் வேறு பலர்.

அந்தத் தேதியின் மூலபுருஷர் வில்லியம் மில்லர் மோசடிக்காரர் அல்ல. நியூயார்க் மாநிலத்தின் லோ ஹாம்ப்டனைச் சேர்ந்த விவசாயி. 1812ல் மூண்ட பிரிட்டிஷ்-அமெரிக்கப் போரில் பங்கேற்றவர். மதத்தைச் சந்தேகித்துக்கொண்டிருந்தவர், 1816ல் விசுவாசியானார். பிறகு இரண்டு ஆண்டுகள் பைபிளையும் அதன் சொல்லடைவு ஒன்றையும் வைத்துக்கொண்டு வசனம் வசனமாகப் படித்தார். 1818ல் ஒரு முடிவுக்கு வந்தார். ஆனால் 1831 வரை அதை மேடை ஏறிச் சொல்லவில்லை.

அவருடைய கணக்கு இதுதான். தானியேல் ஆகமத்தின் எட்டாம் அதிகாரத்தில், பரிசுத்த ஸ்தலம் சுத்திகரிக்கப்பட 2,300 நாள் ஆகும் என்று வருகிறது. தீர்க்கதரிசனத்தில் ஒரு நாள் என்றால் ஓர் ஆண்டு என்பது பழைய வியாக்கியானம்; எண்ணாகமத்திலும் எசேக்கியேலிலும் அதற்கு ஆதாரம் காட்டுவார்கள். பாரசீக மன்னர் அர்தசஷ்டா எருசலேம் பற்றி உத்தரவு பிறப்பித்த கி.மு. 457ஐத் தொடக்கமாக வைத்தால், 2,300 ஆண்டுகள் 1843ல் முடியும். யூத ஆண்டுக் கணக்குப்படி 1843 மார்ச் 21க்கும் 1844 மார்ச் 21க்கும் இடையே வருகை நிகழும் என்றார் மில்லர். அந்தக் கெடுவும் கடந்தது. பிறகுதான் கி.மு.வுக்கும் கி.பி.க்கும் நடுவே பூஜ்ய ஆண்டு என்று ஒன்று இல்லை என்பது பெரிதாகப் பேசப்பட்டது. ஓராண்டு கூட்டினால் 1844. யூதர்களின் பாவநிவிர்த்தி நாளைக் கணக்கிட்டு அக்டோபர் 22 என்ற திட்டவட்டமான தேதியைக் கொடுத்தவர் சாமுவேல் ஸ்நோ. மில்லரே அதை ஏற்றுக்கொண்டது கடைசி சில வாரங்களில்தான்.

கணக்கோடு சகுனங்களும் சேர்ந்துகொண்டன. 1755ல் லிஸ்பன் பூகம்பம். 1780 மே மாதத்தில் நியூ இங்கிலாந்தில் பட்டப்பகலில் கவிந்த இருட்டு. 1833 நவம்பரில் மழைபோலக் கொட்டிய எரிநட்சத்திரங்கள். 1843ல் பகலிலேயே தெரிந்த வால்நட்சத்திரம். அச்சு இயந்திரத்தின் வேகம் மற்றதைப் பார்த்துக்கொண்டது. பாஸ்டன் பாதிரியார் ஜோஷுவா ஹைம்ஸ் பத்திரிகைகளையும் விளக்கப்படங்களையும் அச்சடித்துக் குவித்தார். மில்லரை நம்பியவர்கள் 50,000லிருந்து 1 லட்சம் வரை இருந்திருக்கலாம் என்பது பொதுவான மதிப்பீடு.

தேதி பொய்த்தால் நம்பிக்கையும் செத்துவிடும் என்றுதான் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றும். நடப்பது வேறு. 1844க்குப் பிறகு மூன்று பாதைகள் பிரிந்தன. பலர் வீட்டுக்குத் திரும்பிப் பழைய சபையிலோ எந்தச் சபையிலும் சேராமலோ வாழ்ந்தார்கள். சிலர் மறுபடி கணக்குப் போட்டுப் புதிய தேதிகள் குறித்தார்கள். இன்னும் சிலர், தேதி சரி, சம்பவத்தைத்தான் தவறாகப் புரிந்துகொண்டோம் என்றார்கள். கிறிஸ்து பூமிக்கு வரவில்லை, பரலோகத்தின் பரிசுத்த ஸ்தலத்தில் ஒரு புதிய ஊழியத்தைத் தொடங்கினார் என்பது அவர்கள் விளக்கம். அந்தக் கிளைதான் 1863ல் ஏழாம்நாள் அட்வென்டிஸ்ட் திருச்சபையாக அமைப்புப் பெற்றது. பின்னாளில் அது மருத்துவமனைகளும் பள்ளிகளும் நடத்தும் உலகளாவிய சபையாக வளர்ந்தது. தேதி குறிக்கும் பழக்கத்தை அது கைவிட்டது. மில்லர், கணக்கில் தவறிவிட்டோம் என்று ஒப்புக்கொண்டு, வருகை சமீபம் என்ற நம்பிக்கையை விடாமல் 1849ல் இறந்தார்.

இதெல்லாம் அமெரிக்கச் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். அதே நூற்றாண்டில் திருவிதாங்கூரிலும் ஒரு தேதி குறிக்கப்பட்டது. குறித்த இயக்கத்தின் தலைவர் ஒரு தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். ஞானஸ்நானம் பெற்று யுஸ்தூஸ் யோசேப்பு ஆனார். ஆங்கிலிக்கன் மிஷனின் குருவாகவும் ஆனார். 'வித்வான் குட்டி' என்பது மக்கள் வைத்த பெயர். அவர் எழுதிய மலையாளக் கீர்த்தனைகளைக் கேரளக் கிறிஸ்தவர்கள் சபை வித்தியாசம் இல்லாமல் இன்றும் பாடுகிறார்கள். 1870களின் எழுப்புதல் அலையில், ஆறு ஆண்டுகளில், அதாவது 1881ல் கிறிஸ்து வருவார் என்ற தீர்க்கதரிசனத்தை அவர் ஏற்றுப் பிரசங்கித்தார். மிஷனோடு உறவு முறிந்தது. 1881 வந்தது, போனது. ஆட்கள் கலைந்தார்கள். மிச்சமிருந்தவர்களுக்கு, புதிய யுகம் தொடங்கிவிட்டது என்பது பதிலாயிற்று. 'யூயோமயம்' என்ற பெயரில் அந்தச் சபை தொடர்ந்தது. மில்லரும் வித்வான் குட்டியும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். மூன்றாவது பாதை மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றேதான்.

கிறிஸ்து மறுபடி வருவார் என்ற நம்பிக்கையைக் குறை சொல்வதல்ல இங்கே நோக்கம். எல்லாப் பெரிய திருச்சபைகளின் விசுவாசப் பிரமாணத்திலும் அது இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளில் ஆராதனை நடக்கும் கோயில்களில் அது நினைவூட்டப்படுகிறது. வெளிப்படுத்தின விசேஷம் ரோமாபுரியின் அதிகாரத்துக்குக் கீழே நசுங்கிய சின்ன ஆசியாவின் சிறு சபைகளுக்கு எழுதப்பட்டது. சாம்ராஜ்யம் நிரந்தரம் இல்லை, அநியாயத்துக்கு ஒருநாள் தீர்ப்பு உண்டு என்பதுதான் அதன் ஆறுதல். சாட்டையடிக்குக் கீழே வேலை செய்த அமெரிக்க அடிமைகள் அந்தத் தீர்ப்பு நாளைப் பாடித்தான் தெம்பு பெற்றார்கள். ஆனால் அந்த நாளும் நாழிகையும் யாருக்கும் தெரியாது, குமாரனுக்கே தெரியாது என்று சுவிசேஷம் சொல்கிறது. அதாவது தேதி குறிப்பதற்கு எதிரான முதல் சாட்சி பைபிள்தான். ஆயிரம் வருட அரசாட்சியை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்ளக் கூடாது என்று ஐந்தாம் நூற்றாண்டிலேயே வாதாடியவர் புனித அகஸ்டின்.

இருந்தும் தேதிகள் நிற்பதில்லை. எண்ணெய் நெருக்கடி பற்றி 1974ல் வந்த ஒரு தீர்க்கதரிசனப் புத்தகம், 1990ல் சதாம் உசேன் குவைத்தைப் பிடித்ததும் திருத்தப்பட்டு மறுபடி வந்தது. 10 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. 1988ல் சபை எடுத்துக்கொள்ளப்படும் என்பதற்கு 88 காரணங்கள் சொன்னார் ஒரு முன்னாள் நாசா பொறியாளர். அமெரிக்க வானொலிப் பிரசங்கி ஹெரால்ட் கேம்பிங்கும் சிவில் எஞ்சினியர்தான். நோவாவின் ஜலப்பிரளயம் கி.மு. 4990, கடவுளுக்கு ஒரு நாள் ஆயிரம் ஆண்டு, ஏழு நாள் அவகாசம், ஆகவே 7,000 ஆண்டு, பூஜ்ய ஆண்டு இல்லாததால் ஒன்றைக் கூட்டினால் 2011 என்றார். மே 21 பொய்த்ததும் அக்டோபர் 21 என்றார். மில்லரை ஓராண்டு தள்ளிப்போட வைத்த அதே பூஜ்யத்தை இவர் முன்கூட்டியே கவனித்திருந்தார். கணக்கு திருந்தியது, முடிவு திருந்தவில்லை. அதற்குள் சேமிப்பையெல்லாம் விளம்பரப் பலகைக்குக் கொடுத்தவர்கள் இருந்தார்கள். கேம்பிங் 2012ல் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். பணம் திரும்ப வந்ததா என்பது வேறு விஷயம். 2025 செப்டம்பரில் தென்னாப்பிரிக்கர் ஒருவரின் கனவு சமூக வலைத்தளங்களில் பரவியபோது, காரை விற்றுவிட்டதாகச் சொன்னவர்களும் உண்டு.

கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரிய பலவீனம் என்றும் இதைச் சொல்ல முடியாது. 1962 பிப்ரவரியில் எட்டுக் கிரகங்கள் மகர ராசியில் சேர்ந்தபோது இந்தியா முழுக்க யாகங்கள் நடந்தன. பயந்து பயணத்தைத் தள்ளிப்போட்டவர்கள் படிக்காதவர்கள் மட்டும் அல்ல.

கேள்வி நம்பிக்கையைப் பற்றியது அல்ல, மறுநாள் காலையைப் பற்றியது. தென்கொரியாவில் டாமி மிஷன் என்ற அமைப்பு 1992 அக்டோபர் 28 என்று தேதி குறித்தது. ஆயிரக்கணக்கானவர்கள் நம்பினார்கள், வேலையை விட்டவர்கள், வீட்டை விற்றவர்கள் அவர்களில் இருந்தார்கள். செப்டம்பரிலேயே அதன் தலைவர் லீ ஜாங் ரிம் கைது செய்யப்பட்டார். அவர் வாங்கியிருந்த முதலீட்டுப் பத்திரங்கள் முதிர்வடைய வேண்டிய ஆண்டு 1993. உலகம் முடிந்த பிறகு வட்டி! நீதிமன்றம் அவருக்கு மோசடிக் குற்றத்துக்காகச் சிறைத்தண்டனை விதித்தது. அது தீர்க்கதரிசனத்தை விசாரிக்கவில்லை, பணத்தை விசாரித்தது. அதுதான் சரியான வழியும்கூட.

பணத்தோடு முடியாத இடங்களும் உண்டு. உகாண்டாவில் ஒரு குழு 1999 டிசம்பர் கடைசியில் உலகம் முடியும் என்றது. முடியவில்லை. சொத்தை விற்றுக் கொடுத்தவர்கள் திருப்பிக் கேட்கத் தொடங்கினார்கள் என்று செய்திகள் வந்தன. 2000 மார்ச் 17ல் கனுங்குவில், கதவும் ஜன்னலும் அடைக்கப்பட்ட அவர்கள் கோயில் எரிந்தது. நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள். கென்யாவின் ஷகஹோலா காட்டில் 2023ல் 400க்கும் மேற்பட்ட உடல்கள் தோண்டி எடுக்கப்பட்டன. இயேசுவைச் சந்திக்கப் பட்டினி கிடக்கும்படி தூண்டினார் என்று ஒரு பாஸ்டர் மீது வழக்கு. அவர் அதை மறுத்திருக்கிறார். செத்தவர்களில் குழந்தைகளும் உண்டு. அவர்கள் எந்தத் தேதியையும் நம்பியிருக்க முடியாது.

நமது அரசியல் சட்டத்தின் 25ஆவது பிரிவு மத சுதந்திரத்தைத் தருகிறது. பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு என்று எல்லையையும் போடுகிறது. உலகம் நாளை முடியும் என்று நம்புவதும் சொல்வதும் அந்தச் சுதந்திரத்துக்குள் அடங்கும். வீட்டுப் பத்திரத்தை எழுதி வாங்குவது, மருந்தை நிறுத்தச் சொல்வது, பிள்ளையைப் பள்ளியிலிருந்து எடுக்கச் சொல்வது ஆகியவை வேறு ரகம். அந்த இடத்தில் போலீஸ் தயங்கக் கூடாது. அதற்கு முன்னால் தயங்காமல் பேச வேண்டியவர்கள் ஆயர்களும் பாஸ்டர்களும். இறுதிக்காலம் பற்றிப் பெரிய சபைகள் சங்கடத்தோடு மௌனம் காத்தால், அந்த இடத்தை விளக்கப்படமும் கணக்கும் வைத்திருப்பவர் நிரப்பிவிடுவார்.

சாமானிய விசுவாசி தேதி சொல்பவரிடம் கிரேக்கமோ எபிரேயமோ கற்று வாதாட வேண்டியதில்லை. உங்கள் வீட்டை யார் பெயருக்கு எழுதினீர்கள், அந்தத் தேதி தவறினால் மறுநாள் எங்கள் வீட்டு அடுப்பை யார் எரிப்பார்கள் என்று கேட்டால் போதும். 1844ல் அந்த இரண்டாவது கேள்விக்கு ஒரு பதிலாவது இருந்தது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு நின்ற குடும்பங்களுக்கு உதவி திரட்டும்படி ஹைம்ஸ் தன் பத்திரிகை வழியே வேண்டுகோள் விடுத்தார். தேதியைப் பரப்பிய அதே அச்சு இயந்திரம் உதவியையும் கேட்டது. பின்னால் வந்தவர்களில் அந்தப் பொறுப்பை ஏற்றவர்கள் அரிது.