பத்து நாள் வராத மாணவனைத் தேடிப் போவது யார்?

கே.கே. நகரில் நான் குடியிருக்கும் தெருவைக் காலை ஐந்தரை மணிக்குக் கூட்டுகிற அக்கா, ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். அருந்ததியர். இரவெல்லாம் ஆய்வேட்டோடு மல்லுக்கட்டிவிட்டு டீக்கடைக்கு வரும் என்னிடம், "தம்பி, இன்னும் படிச்சு முடிக்கலையா?" என்பதைத் தவிர இரண்டு ஆண்டுகளாக அவர் வேறெதுவும் கேட்டதில்லை. சென்ற ஆடி மாதத்தில் ஒருநாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தார். பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகன் மூன்று வாரமாகப் பள்ளிக்குப் போகவில்லை. கோயில் திருவிழாக்களுக்குப் பந்தல் போடும் வேலைக்குப் போகிறான். "நீ ஒரு வார்த்தை சொல்லு தம்பி, கேப்பான்."

பையனைப் பார்க்கப் போனேன். இரண்டாவது முறை போனபோதுதான் வாய் திறந்தான். உதவித்தொகைக்கு ஆவணம் கொடுக்காதவர்களை வகுப்பில் எழுந்து நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். இவன் ஒருவன் மட்டும் நின்றிருக்கிறான். எந்த உதவித்தொகை, யாருக்கானது என்பது வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். மறுநாளிலிருந்து சிலர் இவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டு, அம்மா செய்யும் வேலையைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். இதை எப்படி அம்மாவிடமே போய்ச் சொல்வான்? "படிப்பு ஏறல" என்று சொல்லிவிட்டான்.

அந்த ஆவணம் ஏன் கொடுக்கப்படவில்லை என்று தேடிப் போனதில் ஒரு வாரம் ஓடியது. ஆதாரில் பையனின் இனிஷியல் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் வேறொன்று. அதனால் வங்கிக் கணக்கு ஆதாரோடு இணையவில்லை. ஆதாரைத் திருத்த வேறொரு சான்று வேண்டும். வருமானச் சான்றிதழ் காலாவதி. அக்கா ஏற்கெனவே நான்கு நாள் விடுப்பெடுத்து அலைந்திருந்தார். நான்கு நாள் கூலி பிடித்தமாகியிருந்தது. ஒவ்வொரு இடத்திலும் அடுத்த இடத்தைக் கைகாட்டியிருக்கிறார்கள். ஐந்தாம் நாள் நான் கூடப் போனேன். அதே கவுன்ட்டர், அதே ஊழியர். அதுவரை அக்காவிடம் "நாளைக்கு வா" என்றவர், என் கழுத்தில் தொங்கிய பல்கலைக்கழக அடையாள அட்டையைப் பார்த்ததும் "சொல்லுங்க சார்" என்றார். இருபது நிமிடத்தில் வேலை முடிந்தது. நான் பேசிய சட்டமும் இல்லை, காட்டிய ஆதாரமும் இல்லை. அக்காவைவிட என்னிடம் அப்போது கூடுதலாக இருந்தது அந்த அட்டை ஒன்றுதான்.

திட்டங்கள் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஒன்பதாம் வகுப்பு தொடங்கி ஆய்வுப் படிப்பு வரை உதவித்தொகை இருக்கிறது. விடுதி இருக்கிறது. குழந்தைகளுக்கு 1098, பள்ளிக்கல்வித் துறைக்கு 14417, வன்கொடுமைப் புகாருக்கு 14566 என்று உதவி எண்கள் இருக்கின்றன. ஆதிக்க சாதிக் குடும்பத்திற்கு இவற்றுக்கெல்லாம் வழிகாட்டிப் பலகை தேவையில்லை. தாலுகா அலுவலகத்தில் ஒரு சித்தப்பா, பள்ளிக் கமிட்டியில் ஒரு மாமா இருப்பார். சாதி தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துக் கொடுத்த சொத்தில் அதுவும் ஒன்று. நம் பிள்ளைகளுக்கு அந்தச் சித்தப்பா இல்லை. 2009 கல்வி உரிமைச் சட்டமும் பதினான்கு வயதோடு நின்றுவிடுகிறது. இந்தப் பையனுக்குப் பதினாறு.

கூலியும் உதவித்தொகையும் போவதோடு இது முடிந்துவிடுவதில்லை. நாங்குநேரியை நினைத்துப் பாருங்கள். பன்னிரண்டாம் வகுப்பு படித்த தலித் மாணவர், சக மாணவர்களின் சாதியச் சீண்டல் தாங்காமல் பள்ளிக்குப் போவதை நிறுத்தினார். அங்கே பள்ளி விசாரித்தது. காரணம் தெரிந்தது. எழுத்துப்பூர்வமாகப் புகாரும் பெறப்பட்டது. 2023 ஆகஸ்ட் 9 இரவு வீடு புகுந்து அவரையும் தடுக்க வந்த தங்கையையும் அரிவாளால் வெட்டினார்கள். உண்மை வெளியே வந்துவிட்ட பிறகுதான் அந்தக் குடும்பத்திற்கு ஆபத்து உச்சத்தில் இருந்தது. அந்த நேரத்தில் அவர்களோடு யாரும் இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தம் சேர்த்த 15ஏ பிரிவு, பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிகளுக்கும் மிரட்டலிலிருந்து பாதுகாப்புத் தரும் கடமையை அரசின் மேல் சுமத்துகிறது. ஆனால் பள்ளி மேசையில் கிடக்கும் புகார்க் காகிதத்திற்குக் கால் முளைத்து அது காவல் நிலையத்திற்கு நடந்து போகாது.

இதற்குப் பிறகுதான் நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைக்கப்பட்டு, 2024 ஜூன் 18 அன்று அறிக்கை முதல்வரிடம் அளிக்கப்பட்டது. அந்த அறிக்கையைப் பற்றி நாட்டில் என்ன பேச்சு நடந்தது? கையில் கட்டும் கயிறு, நெற்றித் திலகம், இந்து மதத்திற்கு எதிரானது என்ற கூச்சல். சென்னை மாநகராட்சி மன்றத்தில் ஒரு பாஜக உறுப்பினர் அதன் நகலைக் கிழித்தே போட்டார். ஐநூறு மாணவர்களுக்கு மேல் படிக்கும் பள்ளிகளுக்கு ஒரு பள்ளி நல அலுவலர், ஒன்றியம்தோறும் பயிற்சி பெற்ற ஆலோசகர் என்று அதே அறிக்கை சொன்னதை எந்தத் தொலைக்காட்சியும் விவாதிக்கவில்லை. உதவித்தொகை விவரங்களை வகுப்பில் வைத்துச் சொல்லாமல் மாணவரைத் தனியே அழைத்துத் தெரிவிக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. அதைப் படித்தபோது, எழுந்து நின்ற அந்தப் பையன்தான் கண்முன் வந்தான். சுற்றறிக்கைக்குச் செலவில்லை, உடனே வரும். பணியிடத்திற்குச் சம்பளம் ஒதுக்க வேண்டும். நல அலுவலரை நியமித்து, வராத பிள்ளையின் வீட்டுக்குப் போவதையும், அந்தக் குடும்பத்தை வருவாய்த் துறைக்கோ காவல் நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ கூட அழைத்துப் போவதையும் அவருடைய வேலையாக எழுதி வைக்க வேண்டும். அதைத்தான் நாம் கேட்க வேண்டும். ஏற்கெனவே மூன்று பேர் வேலையைப் பார்க்கும் ஆசிரியரின் தலையில் இதையும் ஏற்றிவிட்டு "ஒருங்கிணைப்பாளர்" என்று பெயர் வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

அரசைச் சொல்லிவிட்டு நம்மைச் சொல்லாமல் விட முடியாது. வெட்டு விழுந்தால் உண்மை அறியும் குழு போகிறது. பிணம் விழுந்தால் ஆர்ப்பாட்டம், சுவரொட்டி. நானும் அவற்றில் போய் நின்றவன்தான், அவை தேவை. ஆனால் பத்து நாள் பள்ளிக்கு வராத பிள்ளைக்கு நம்மிடம் குழு இல்லை. அண்ணல் அம்பேத்கர் 1924-இல் பகிஷ்கிருத் ஹிதகாரிணி சபாவைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே அது சோலாப்பூரில் மாணவர் விடுதி திறந்தது. சுவாமி சகஜானந்தர் 1916-இல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியை நிறுவினார். எல்.சி. குருசாமி சென்னையில் அருந்ததியர் குடியிருப்புகளில் இரவுப் பள்ளிகள் நடத்தினார். இதையெல்லாம் நினைவு நாள் கூட்டங்களில் வரிசையாகச் சொல்கிறோம். கூட்டம் முடிந்து தெருவுக்குத் திரும்பினால் விண்ணப்பம் நிரப்பித் தர ஆளில்லை. சீர்திருத்த வேலை அது, அரசியல் வேலை இது என்று சில தோழர்கள் என்னிடமே பிரித்துப் பேசியிருக்கிறார்கள். அந்தக் கவுன்ட்டரில் "வா" என்று அழைக்கப்பட்டவரிடம் போய் அவர்கள் அந்த வேறுபாட்டை விளக்கட்டும்.

இப்போது ஞாயிறு மாலைகளில் நாங்கள் நான்கு ஆய்வு மாணவர்கள் அந்தக் குடியிருப்பில் ஒரு மேசை போட்டு உட்காருகிறோம். பெரும்பாலும் பெயர்த் திருத்தம், வங்கிக் கணக்கு. ஒரு பெண் பிள்ளை இரண்டு வாரம் சும்மா வந்து உட்கார்ந்திருந்துவிட்டு, மூன்றாவது வாரம் பேருந்தில் தன்னைப் பின்தொடர்கிறவர்களைப் பற்றிச் சொன்னாள். பாதியில் நின்ற பையன் மறுபடி பள்ளிக்குப் போகிறான். உதவித்தொகை இன்னும் வரவில்லை. கூப்பிட்ட பெயரும் நிற்கவில்லை. அதற்கு எழுத்துப்பூர்வப் புகார் கொடுக்கலாமா என்று கேட்டபோது அக்கா நாங்குநேரியின் பெயரைச் சொன்னார். அவருக்குப் பதில் சொல்ல என்னால் உடனே முடியவில்லை.

வரும் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில், எங்கள் பகுதிப் பள்ளிகளுக்கு நல அலுவலர் கேட்டு மனு கொடுக்கப் போகிறோம். எட்டுத் தாய்மார்கள் வருவதாகப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அன்றைய கூலி போய்விடும் என்பதால் எத்தனை பேர் வர முடியும் என்று தெரியவில்லை.