ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு

உலு சிலாங்கூர் மாவட்டத்தில், கோலகுபு பாருவை அடுத்து அம்பாங் பெச்சா என்னும் சிற்றூர் உள்ளது. ‘உடைந்த அணை’ என்பது அப்பெயரின் பொருள். பழைய கோலகுபு நகரம் இருந்த இடம் இதுதான். 1883-ஆம் ஆண்டில் அங்கிருந்த பழைய அணை உடைந்து பெருவெள்ளம் ஊருக்குள் புகுந்தது. உயிரிழந்தவர்களுள் அம்மாவட்டத்தின் ஆங்கிலேய அதிகாரி சிசில் ரேங்கிங்கும் ஒருவர். அதன் பிறகும் துன்பம் ஓயவில்லை. ஈயச் சுரங்கங்களிலிருந்து வந்த மண்ணும் மணலும் ஆற்றில் படிந்ததால் வெள்ளம் மீண்டும் மீண்டும் ஊரைச் சூழ்ந்தது. இறுதியில் நகரையே வேறிடத்துக்கு மாற்ற அரசாங்கம் முடிவு செய்தது. சார்ல்ஸ் ரீட் என்னும் நகரத் திட்டமிடுநர் 1920களில் வகுத்த திட்டத்தின்படி உருவானதே இன்றைய கோலகுபு பாரு.

ஈயத்தால் ஆதாயம் அடைந்தவர்கள் சிலர். ஊரை இடம் மாற்றும் சுமையோ பொதுமக்கள் மீது விழுந்தது. ஆயினும், அந்தச் செலவு வீண் என்று இன்று எவரும் கூறுவதில்லை. பொதுப்பணத்தைச் செலவிடுவது தவறன்று. அதை எப்படிச் செலவிடுகிறோம் என்பதே கேள்வி.

ஒருமுறை அம்பாங் பெச்சாவில் ஓர் ஒட்டுக்கடையில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தேன். பல்லாண்டுகள் தோட்டத்தில் பால்மரம் சீவிய முதியவர் ஒருவர் நாளிதழைப் படித்துவிட்டு என்னிடம் கேட்டார்: “தம்பி, நான் எல்.ஆர்.டி.யில் ஏறியதே இல்லை. அதற்கு என் காசும் போகிறதா?”

போகிறது என்பதே உண்மை. வருமான வரி செலுத்தாதவர்கூடப் பொருள்களுக்கும் சேவைகளுக்கும் விதிக்கப்படும் வரியின் வழியாக அரசாங்கத்தின் கருவூலத்திற்குப் பங்களிக்கிறார். ஆனால், இதற்கு மறுபக்கமும் உண்டு. 2007-ஆம் ஆண்டு தொடங்கிக் கொமுட்டர் இரயில் சேவை ரவாங்கைத் தாண்டிப் படிப்படியாகக் கோலகுபு பாரு, தஞ்சோங் மாலிம் வரை நீண்டது. அதற்கான மின்மய இரட்டைத் தண்டவாளத்தை நம் மாவட்ட மக்களின் பணத்தைக் கொண்டு மட்டும் அமைக்கவில்லை. ஜொகூரில் வாழ்பவரின் வரியும் சபாவில் வாழ்பவரின் வரியும் அதில் அடங்கும். ஒருவர் பயன்படுத்தாத சாலைக்கும் இரயிலுக்கும் மற்றவர் பணம் கொடுப்பதுதான் ஒரு நாட்டின் கூட்டு வாழ்க்கை. எனவே, ‘எனக்குப் பயனில்லை, நான் ஏன் கொடுக்க வேண்டும்?’ என்னும் வாதம் வலுவற்றது. ‘நான் கொடுத்த பணம் முறையாகச் செலவாகிறதா?’ என்னும் கேள்வியே வலுவானது.

பண்டார் உத்தாமாவையும் கிள்ளானின் ஜொகான் செத்தியாவையும் இணைக்கும் மூன்றாவது எல்.ஆர்.டி. திட்டத்தை எடுத்துக்கொள்வோம். தொடக்கத்தில் அதன் செலவு ஏறத்தாழ 9 பில்லியன் ரிங்கிட் எனப் பேசப்பட்டது. 2018-ஆம் ஆண்டு ஜூலை மாதம், மொத்தச் செலவு 31.65 பில்லியனை எட்டவிருந்ததாகவும் அதை 16.63 பில்லியனாகக் குறைத்துவிட்டதாகவும் நிதியமைச்சு அறிவித்தது. மக்கள் மகிழ்ந்தனர். ஆனால், குறைந்தது பணம் மட்டுமன்று. ஐந்து நிலையங்கள் கைவிடப்பட்டன. ஆறு பெட்டிகள் கொண்ட இரயில்கள் மூன்று பெட்டிகளாகச் சுருங்கின. 2024-ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில், கைவிடப்பட்ட ஐந்து நிலையங்களையும் மீண்டும் கட்ட 4.7 பில்லியன் ரிங்கிட் செலவாகும் என்று அறிவிக்கப்பட்டது. நிலையம் வருமென்று நம்பி வீடு வாங்கியவர்கள் இத்தனை ஆண்டுகள் காத்திருந்ததற்கு எந்தக் கணக்கிலும் விலை எழுதப்படவில்லை.

கிழக்குக்கரை இரயில் திட்டத்தின் கதையும் இத்தகையதே. 2016-இல் 55 பில்லியன் ரிங்கிட் என்றார்கள். 2018-இல் நில இழப்பீடு, வட்டி முதலியவற்றையும் சேர்த்தால் 81 பில்லியன் ஆகும் என்று அன்றைய நிதியமைச்சர் லிம் குவான் எங் தெரிவித்தார். 2019-இல் மறுபேச்சுக்குப் பின் 44 பில்லியனாகக் குறைந்தது. பாதையும் வட சிலாங்கூரை விட்டுத் தெற்கே நெகிரி செம்பிலான் பக்கம் திரும்பியது. 2021-இல் பாதை மீண்டும் நம் மாவட்டத்தின் செரண்டா வழியாகச் செல்லும் என்று முடிவானது. செலவு 50 பில்லியனாக உயர்ந்தது. இத்தொகையை நாட்டின் 34 மில்லியன் மக்களுக்குப் பங்கிட்டால், பிறந்த குழந்தை உட்பட ஒவ்வொருவருக்கும் ஏறத்தாழ 1,500 ரிங்கிட் வரும்.

ஒரே திட்டத்துக்கு இத்தனை தொகைகள் எப்படி வருகின்றன? வீடு வாங்குவதை எண்ணிப் பாருங்கள். விற்பவர் சொல்லும் விலை ஒன்று. வங்கிக் கடனுக்கு முப்பது ஆண்டுகள் வட்டி கட்டி முடித்த பிறகு நாம் செலுத்திய தொகை வேறொன்று. ஒருவர் முதல் தொகையையும் மற்றவர் இரண்டாம் தொகையையும் சொன்னால், இருவரும் பொய் சொல்லாமலேயே சண்டையிடலாம். பெருந்திட்டங்களைப் பற்றிய பல சச்சரவுகள் இவ்வாறு எழுந்தவையே.

அப்படியானால், செலவு மிகுந்த திட்டங்களை நிறுத்திவிடலாமா? நிறுத்துவதும் இலவசமன்று. கோலாலம்பூரையும் சிங்கப்பூரையும் இணைக்கவிருந்த அதிவேக இரயில் திட்டம் 2021-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கைவிடப்பட்டது. அதற்காக மலேசியா சிங்கப்பூருக்கு 102.8 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளியை இழப்பீடாகக் கொடுத்தது. ஓர் அடி தண்டவாளம்கூடப் போடாமல் செலவான பணம் அது.

ஆகவே, மலிவான திட்டமே நல்ல திட்டம் என்பதையும் பெரிய திட்டமே முன்னேற்றம் என்பதையும் நான் ஏற்கவில்லை. ஒவ்வொரு திட்டத்திலும் மூன்று கேள்விகளுக்கு முன்கூட்டியே விடை வேண்டும். முதலாவது, அறிவிக்கப்படும் தொகையில் நிலம், வட்டி, இரயில் பெட்டி, பராமரிப்பு ஆகிய எவையெவை அடங்கும்? இரண்டாவது, செலவைக் குறைத்தால் எந்த ஊரார் எதை இழப்பார்கள்? மூன்றாவது, திட்டம் முடிந்த பின் ஆண்டுதோறும் அதை நடத்தும் செலவை யார் ஏற்பார்?

இவை வல்லுநர்கள் மட்டுமே கேட்க வேண்டிய கேள்விகள் என்று சிலர் கருதலாம். நம் நாட்டில் தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கை நாடாளுமன்றத்தில் தாக்கல் செய்யப்படுகிறது. பொதுக் கணக்குக் குழுவும் விசாரணை நடத்துகிறது. இவை தேவையானவையே. ஆயினும், பெரும்பாலும் பணம் செலவான பின்னரே கணக்காய்வு நடைபெறுகிறது. அணை உடைந்த பின் சேதத்தை எண்ணுவதைவிட, உடையும் முன் விரிசலைப் பார்ப்பது நன்று. அதைப் பார்க்கும் கண்கள் பொதுமக்களிடமும் இருக்க வேண்டும். இன்று வகுப்பறையில் அமர்ந்திருக்கும் நீங்கள் நாளை வேலைக்குச் சென்று வரி கட்டும்போது, இத்திட்டங்களுக்கான கடனில் ஒரு பகுதியை நீங்களே அடைப்பீர்கள். ஆகவே, இக்கேள்விகளைக் கேட்கும் உரிமை உங்களுக்கு இப்போதே உண்டு.

‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்றனர் முன்னோர். ஒட்டுக்கடையில் நான் இவற்றையெல்லாம் விளக்கியபோது, அந்த முதியவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “கொடுக்க மாட்டேன் என்று சொல்லவில்லை, தம்பி. கணக்கைக் காட்டச் சொல்லுங்கள், அது போதும்.”