எது குறைவோ அது!

எங்க அத்தைக்கு வயசு 67. திண்டுக்கல்லை விட்டால் பழநி, மதுரை. அவ்வளவுதான் அவர் உலகம். மகள் பிரசவத்துக்காக முதல் தடவையாக ஐரோப்பா கிளம்பினார். சென்னையில் ராத்திரி 11 மணி விமானம், மறுநாள் காலை 8 மணிக்குத்தான் கிளம்பியது. அதுவரை ஸ்டீல் நாற்காலி, ஒரு சாண்ட்விச், ஒரு தண்ணி பாட்டில். நடுவில் மாற வேண்டிய விமானமும் போயே போச்சு. அத்தை போய்ச் சேர்ந்தபோது பேத்தி பிறந்து அரை நாள் ஆகியிருந்தது.

''பெரிய கம்பெனி, நாம என்னப்பா கேக்குறது?'' என்றார் அத்தை.

ஏன் கேட்கக் கூடாது? மதுரை போகிற பஸ் வாடிப்பட்டியில் மக்கர் பண்ணினால், கண்டக்டரே அடுத்த பஸ்ஸை நிறுத்தி ஏற்றிவிடுகிறார். லட்ச ரூபாய் டிக்கெட்டுக்கு அந்த மரியாதைகூட இல்லையா?

விதி இருக்கிறது, சார். நம் நாட்டு விமானக் கம்பெனிகளுக்கு டி.ஜி.சி.ஏ. போட்ட விதி. இரவு 8 மணியிலிருந்து விடிகாலை 3 மணிக்குள் கிளம்ப வேண்டிய விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் ஹோட்டல் அறை தர வேண்டும். ஆனால், தாமதத்துக்கு நஷ்டஈடாகப் பணம்? விதியில் கிடையாது.

முன்கூட்டியே சொல்லாமல் விமானத்தையே ரத்து செய்தால்? பயணம் 2 மணி நேரத்துக்கு மேல் என்றால், 10,000 ரூபாய் அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை. இதில் 'எது குறைவோ அது'! நான் படித்தது பி.காம். என் கணக்குக்கு இது இடிக்கிறது. 3 மணி நேர டெல்லிக்கும் 10,000. 16 மணி நேர அமெரிக்காவுக்கும் அதே 10,000. டிக்கெட் விற்கும்போது மட்டும் எது அதிகமோ அதுவா?

ஐரோப்பிய யூனியன் 2004-லேயே சட்டம் போட்டது. நீண்ட தூர விமானம் ரத்தானால் 600 யூரோ வரை. நம்ம காசில் ஐம்பதாயிரத்துக்கும் மேல். மூன்று மணி நேரம், அதற்கு மேல் தாமதமானாலும் நஷ்டஈடு உண்டு என்று 2009-ல் அவர்கள் நீதிமன்றம் சொன்னது. புயல் மாதிரி காரணங்களுக்குத்தான் விலக்கு. வேடிக்கை என்னவென்றால், சென்னையிலிருந்து ஐரோப்பியக் கம்பெனி விமானத்தில் பிராங்க்ஃபர்ட் போகிறவருக்கும் அந்தச் சட்டம் செல்லும். பக்கத்து கவுன்ட்டரில் நம்ம கம்பெனியில் சென்னையிலிருந்து கிளம்புகிறவருக்கு சாண்ட்விச்!

''டிக்கெட் விலை ஏறிடும்'' என்று பூச்சாண்டி காட்டுவார்கள். அந்தச் சட்டத்தின் கீழேதான் ரயன்ஏர் மாதிரி மலிவு கம்பெனிகள் கொழிக்கின்றன.

அரசு விழிக்கும்வரை நீங்கள் விழித்திருங்கள். மாறிப் போகும் பயணத்தை ஒரே டிக்கெட்டாகப் போடுங்கள். முதல் விமானம் தாமதித்து அடுத்தது தப்பினால், கொண்டு சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. தாமதக் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். காபி வாங்கிய பில்லைக்கூட வீசாதீர்கள். பெட்டி உடைந்து வந்தால் 7 நாளுக்குள் எழுத்தில் புகார், தாமதமாக வந்தால் 21 நாளுக்குள். இந்தியா 2009-ல் சேர்ந்த மான்ட்ரியல் ஒப்பந்தம் சொல்லும் கெடு இது. வழக்குப் போட 2 வருஷம்.

அதற்கு டெல்லிக்கு அலைய வேண்டாம். 2019 நுகர்வோர் சட்டப்படி, குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் செய்யலாம். திண்டுக்கல்லிலும் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது.

அத்தையிடம் சொன்னேன். சாண்ட்விச் கவரைக்கூடப் பத்திரமாக வைத்திருக்கிறாராம். மனு எழுத உட்கார்ந்திருக்கிறோம்.