மின்பகிர்மானத்தில் போட்டி: கம்பத்தில் ஏறுபவர் யார்?

மின்சாரச் சட்டத்தைத் திருத்துவதற்கான புதிய வரைவை மத்திய மின்துறை அமைச்சகம் 2025 அக்டோபரில் வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. ஒரே பகுதியில் ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்கள், ஏற்கெனவே உள்ள மின்பாதையையே பகிர்ந்துகொண்டு மின்சாரம் விற்கலாம் என்பது அதன் மையக் கருத்து. 2022 ஆகஸ்டில் மக்களவையில் அறிமுகமாகி, நிலைக்குழுவுக்கு அனுப்பப்பட்டு, அந்த மக்களவையின் ஆயுளோடு காலாவதியான மசோதாவின் சாரமும் ஏறத்தாழ இதுவே.

போட்டி வந்தால் கட்டணம் குறையும், சேவை பெருகும் என்கின்றனர் ஆதரிப்போர். இலவச மின்சாரம் பறிபோகும், தனியார் கொள்ளை பெருகும் என்கின்றனர் எதிர்ப்போர். இரு தரப்பும் மின்நிறுவனத்தை விற்பனையாளராக மட்டுமே பார்க்கின்றன. அது பெரியதொரு வேலையளிப்பவரும்கூட என்பதை மறந்துவிடுகிறோம். எந்த நிறுவனம் தன் ஊழியரை எப்படி நடத்துகிறது என்பதற்கும், அது சந்தையில் எப்படிப் போட்டியிடுகிறது என்பதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. ஒன்றை விட்டு மற்றொன்றை மதிப்பிட முடியாது.

தருமபுரி போன்ற மாவட்டத்துக்கு இந்த இரு கேள்விகளுமே வாழ்வாதாரக் கேள்விகள். காவிரி எல்லையைத் தொட்டு ஓடினாலும், பாலக்கோட்டின் தக்காளியும் அரூரின் மரவள்ளியும் பெரிதும் நம்பியிருப்பது ஆழ்துளைக் கிணற்றையும் அதை இயக்கும் மின்மோட்டாரையும்தான். பெரிய தொழிற்சாலைகள் அதிகம் இல்லாததால் இங்குள்ள இளைஞர்கள் பெங்களூருக்கும் ஒசூருக்கும் திருப்பூருக்கும் செல்கின்றனர். ஐ.டி.ஐ. முடித்த ஓர் இளைஞனுக்கு, சொந்த மாவட்டத்திலேயே கிடைக்கக்கூடிய கௌரவமான வேலைகளுள் ஒன்று மின்வாரிய வேலை. நான் கல்லூரியில் பணியாற்றிய காலம் முழுவதும், பொருளியல் படித்த பட்டதாரிகள்கூட 'ஈ.பி.யில் எப்போது ஆள் எடுப்பார்கள்?' என்று கேட்டதுண்டு.

அந்த மின்வாரியம் 1957 ஜூலை 1 அன்று தோன்றியது. 2010 நவம்பரில் அது உற்பத்தி, பகிர்மானத்துக்கு ஒரு கழகமாகவும், மின்தொடரமைப்புக்கு மற்றொரு கழகமாகவும் பிரிந்தது. 2024இல் பகிர்மானம், உற்பத்தி, பசுமை எரிசக்தி எனப் பகிர்மானக் கழகம் மீண்டும் மூன்றானது. பெயர்ப்பலகைகள் மாறினாலும் மக்களின் நாவில் அது இன்றும் 'ஈ.பி.'தான்.

வேலையளிப்பவர் என்ற முறையில் மின்வாரியத்துக்கு இரண்டு முகங்கள் உண்டு. நிரந்தர ஊழியருக்கு அது ஊதிய உடன்பாடு, பதவி உயர்வு, கருணை அடிப்படை நியமனம், ஓய்வூதியம் ஆகியவற்றை அளித்த நல்ல நிறுவனம். ஆனால் அதே கம்பத்தில், அதே மழையில், அதே வேலையைச் செய்யும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு அது வேறொரு முகத்தைக் காட்டியது. 1990களின் தொடக்கத்தில் நீதிபதி காலித் ஆணையம் ஏறத்தாழ 18,000 ஒப்பந்தத் தொழிலாளரை அடையாளம் கண்டு, அவர்களை ஈர்த்துக்கொள்ள வழிவகுத்தது. நிரந்தரத் தன்மையுள்ள வேலைக்கு ஒப்பந்த முறை கூடாது என்னும் கோட்பாடு 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே இடம்பெற்றிருந்தது. ஆயினும் ஒரு தலைமுறை நிரந்தரமானதும், அடுத்த தலைமுறை ஒப்பந்தத்தில் வந்து நின்றது.

2019இல் கேங்மேன் பணியிடங்கள் அறிவிக்கப்பட்டு, 2021 தொடக்கத்தில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் நியமிக்கப்பட்டனர். குழி தோண்டுவதும் கம்பம் நடுவதும் அவர்களுக்கு வகுக்கப்பட்ட பணி. ஆள் பற்றாக்குறையால் மின்பாதை வேலையும் தங்கள் தலையில் விழுகிறது, ஆனால் கள உதவியாளர் என்ற தகுதி தரப்படுவதில்லை என்பது அவர்களது நெடுநாள் குறை. 2025இல் 1,794 கள உதவியாளர் பணியிடங்களைத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் அறிவித்தது. ஒப்பளிக்கப்பட்ட பணியிடங்களில் பல்லாயிரம் காலியாகக் கிடப்பதாகத் தொழிற்சங்கங்கள் கூறிவரும் நிலையில், இது பாலைவனத்தில் பெய்த தூறல்தான்.

காலிப் பணியிடம் என்பது கணக்கேட்டில் சேமிப்பாகத் தெரியும். அதன் உண்மையான விலை வேறிடத்தில் தெரியும். ஒரு லைன்மேன் மூன்று பேரின் பகுதியைக் கவனிக்கும்போது, மின்பாதையைத் துண்டித்து, உறுதிசெய்துகொண்டு, பிறகே கம்பத்தில் ஏறவேண்டும் என்ற ஒழுங்கு முதலில் தளர்கிறது. மரக்கிளை வெட்டுவதும் தாழ்ந்து தொங்கும் கம்பியை இழுத்துக்கட்டுவதும் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகின்றன. அந்தத் தாமதத்துக்கு விலை கொடுப்பவர் சில வேளை ஊழியர். சில வேளை வயலுக்குப் போன விவசாயி. 2020 ஜூலை 1 அன்று நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தபோது, பலியானவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர் பலர். நவரத்தினத் தகுதி பெற்ற பொதுத்துறை நிறுவனத்திலேயே நிலைமை இதுவெனில், 'அரசுடைமை' என்ற ஒரு சொல் தொழிலாளியைக் காப்பாற்றிவிடாது என்பது தெளிவு.

அதேவேளை, பெரியதொரு பொது நிறுவனத்தின் வலிமை பேரிடரில் புலப்படுகிறது. 2018 நவம்பரில் கஜா புயல் காவிரிப் படுகையில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தபோது, மாநிலம் முழுவதிலுமிருந்து மின் ஊழியர்கள் அங்கே சென்றனர். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மழை அரூரையும் ஊத்தங்கரையையும் மூழ்கடித்தபோது, நீர் வடியும் முன்பே கம்பிகளைத் தேடிச் சென்றவர்களும் மின் ஊழியர்களே. இத்தகைய ஆள்பலம் சாதாரண நாளில் 'மிகையான செலவு' எனத் தோன்றும். காப்பீட்டுக் கட்டணமும் விபத்து நேராத ஆண்டில் அப்படித்தான் தோன்றும்.

இனி மறுபக்கம். தில்லியில் 2002 ஜூலையில் பகிர்மானம் மூன்று நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டு, 51 விழுக்காடு பங்கு தனியாரிடம் சென்றது. வடக்கு தில்லியில் அப்போது 53 விழுக்காடாக இருந்த ஒட்டுமொத்த இழப்பு, பிற்காலத்தில் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. இதை மறுப்பது நேர்மையாகாது. ஆனால், ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் விருப்ப ஓய்வில் அனுப்பப்பட்டதும், பழைய ஊழியருக்கான ஓய்வூதியப் பொறுப்பு யாருடையது என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றதும் அதே கதையின் பகுதிகள். கட்டணத்தை உரிய காலத்தில் உயர்த்தாமல் ஒத்திவைத்ததால் தில்லி நிறுவனங்களுக்கு 2024 மார்ச் வரை சேர்ந்த நிலுவை சுமார் 27,200 கோடி ரூபாய். அதை வருங்காலக் கட்டணத்தின்வழி தீர்க்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. தனியார் திறமையும் அரசியல் தயக்கமும் சேர்ந்தால், பில் நுகர்வோரின் பேரப்பிள்ளைகளுக்குப் போகும்.

ஒடிசா மற்றொரு பாடம். நாட்டிலேயே முதலில் 1999இல் பகிர்மானத்தைத் தனியாருக்கு அளித்த மாநிலம் அது. அவ்வாண்டு அக்டோபரில் பெரும்புயல் வீசியது. நடுப்பகுதியின் பகிர்மானத்தை ஏற்ற அமெரிக்க நிறுவனம் 2001இல் கைவிட்டுச் சென்றது. மற்ற மூன்று பகுதிகளின் உரிமம் 2015இல் ரத்தானது. 2020, 2021ஆம் ஆண்டுகளில் டாடா பவர் நான்கையும் ஏற்றது. இடையில் கழிந்த இருபதாண்டுகளை ஊழியருக்கும் நுகர்வோருக்கும் யார் திருப்பித் தருவார்?

தனியார், அரசு என்ற பிரிவினையே முழு விளக்கமாகாது என்பதற்குச் சான்று குஜராத். அங்கே 2005இல் மின்வாரியம் பிரிக்கப்பட்டபோது ஊழியர்களுடன் உடன்பாடு கண்டனர். வேளாண் மின்பாதையை வீட்டு மின்பாதையிலிருந்து பிரித்தனர். மத்திய அரசுக்காகப் பவர் ஃபைனான்ஸ் கார்ப்பரேஷன் ஆண்டுதோறும் தயாரிக்கும் தரவரிசையில், அம்மாநிலத்தின் நான்கு அரசுப் பகிர்மான நிறுவனங்களும் தொடர்ந்து முன்வரிசையில் இருந்துவந்துள்ளன. ஆனால் அத்தரவரிசையின் அளவுகோல்கள் பெரும்பாலும் நிதிநிலை, மின்னிழப்பு, கட்டண வசூல் ஆகியவைதான். எத்தனை தொழிலாளர் மின்சாரம் தாக்கி இறந்தனர் என்பது மதிப்பெண்ணைத் தீர்மானிப்பதில்லை.

ஒகேனக்கல்லில் ஆற்றைக் கடந்தால் கர்நாடகம். அங்கே பகிர்மானம் 2002 முதல் வட்டாரவாரியாகப் பிரிந்து, அரசிடமே உள்ளது. அங்குள்ள ஒழுங்குமுறை ஆணையம் 2025 ஏப்ரல் முதல் யூனிட்டுக்கு 36 காசு வீதம், ஊழியரின் ஓய்வூதியம், பணிக்கொடைக்கெனத் தனிக் கட்டணம் விதிக்க அனுமதித்தது. நுகர்வோர் கொதித்தனர். எனினும் ஒரு பொருளியல் மாணவனாக இதில் ஒரு நேர்மையைக் காண்கிறேன். நல்ல வேலையளிப்பவராக இருப்பதற்கு ஒரு விலை உண்டு. அது இன்னதென்று பில்லிலேயே அச்சாகிவிட்டது. தமிழ்நாட்டில் அந்த விலை கடனுக்குள் ஒளிந்திருக்கிறது. 2017இல் உதய் திட்டத்தில் சேர்ந்தபோது பகிர்மானக் கழகத்தின் கடனில் 22,815 கோடி ரூபாயை மாநில அரசு ஏற்றது. அதன் பின்னரும் கடன் ஒன்றரை லட்சம் கோடியைத் தாண்டியது.

இப்போது வரைவுச் சட்டத்துக்கு வருவோம். மின்கம்பி ஓர் இயற்கை முற்றுரிமை. ஒரே தெருவில் இரண்டு வரிசைக் கம்பம் நடுவது வீண்செலவு. எனவே கம்பி ஒன்று, விற்பவர் பலர் என்பது ஏட்டளவில் அறிவுள்ள ஏற்பாடுதான். ஆனால் தொழிலாளியின் கோணத்தில் இதன் பொருள் என்ன? கம்பியைப் பராமரிப்பவர், புயலில் ஓடுபவர், ஓய்வூதியம் கொடுப்பவர் எல்லாம் பழைய பொது நிறுவனமே. புதிதாக வருபவருக்குத் தேவைப்படுவது மின்சாரம் வாங்கும் ஒரு குழு, பில் அனுப்பும் ஒரு மென்பொருள், ஓர் அழைப்பு மையம். ஆகவே விற்பனையில் போட்டி வரும். லைன்மேனின் உழைப்பை வாங்குவதில் போட்டி வராது. அவருக்கு வேலை தருபவர் அப்போதும் ஒருவர்தான்; அதுவும் நல்ல வாடிக்கையாளரை இழந்து, செலவைக் குறைக்கத் துடிக்கும் ஒருவர். அப்படிப்பட்ட நிறுவனம் முதலில் வெட்டுவது நிரந்தரப் பணியிடங்களைத்தான்.

நல்ல வாடிக்கையாளர் போய்விடுவர் என்பது கற்பனையல்ல. ஒரு மெகாவாட்டுக்கு மேற்பட்ட பெரிய நுகர்வோருக்கு மின்சாரம் அளித்தே தீரவேண்டும் என்ற கடமையிலிருந்து பகிர்மான நிறுவனத்துக்கு விலக்கு அளிக்கலாம் என்றும், உற்பத்தித் தொழில்களும் ரயில்வேயும் தாங்கும் குறுக்கு மானியத்தை ஐந்தாண்டுகளில் ஒழிக்கலாம் என்றும் வரைவு சொல்கிறது. ஒசூரின் தொழிற்சாலை விலகிச் செல்லலாம். பென்னாகரத்தின் ஐந்து குதிரைத்திறன் மோட்டார் எங்கும் செல்லாது. 1990 முதல் இலவச மின்சாரம் பெறும் விவசாயிக்கான மானியத்தை யார் தருவது என்ற கேள்வி அப்போது நேரடியாக மாநிலக் கருவூலத்தின் வாசலில் வந்து நிற்கும்.

உலக அனுபவமும் எச்சரிக்கிறது. பிரிட்டனில் வீட்டு நுகர்வோருக்கான சில்லறைப் போட்டி 1990களின் இறுதியில் திறந்துவிடப்பட்டது. 2021இல் எரிவாயு விலை எகிறியபோது, சொந்தமாகக் கம்பியோ மின்நிலையமோ இல்லாத சிறு விற்பனை நிறுவனங்கள் ஏறத்தாழ முப்பது, அடுத்தடுத்துச் சரிந்தன. அவற்றின் வாடிக்கையாளரை வேறு நிறுவனங்களுக்கு மாற்றிய செலவு எல்லோருடைய பில்லிலும் ஏறியது.

அதற்காக இருப்பதே போதும் என்று இருந்துவிட முடியாது. 2022 பிப்ரவரியில் சண்டிகரிலும், அதே ஆண்டு செப்டம்பர் இறுதியில் புதுச்சேரியிலும், 2023 ஜனவரியில் மகாராஷ்டிரத்திலும் மின் ஊழியர்கள் தனியார்மயத்தை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தனர். மகாராஷ்டிர அரசு உறுதிமொழி அளிக்க வேண்டியதாயிற்று. சண்டிகரிலோ 2025 பிப்ரவரி 1 அன்று பகிர்மானம் தனியார் கைக்குச் சென்றேவிட்டது. பொதுமக்களின் நல்லெண்ணம் இல்லாத இடத்தில் வேலைநிறுத்தம் நெடுநாள் அரணாக நிற்காது. புதிய இணைப்புக்கு அலைந்தவரும், எரிந்துபோன டிரான்ஸ்பார்மருக்காக வாரக்கணக்கில் காத்திருந்து பயிரைக் கருகவிட்ட விவசாயியும் அந்த நல்லெண்ணத்தைத் தருவார்களா என்று தொழிற்சங்கங்களும் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

செய்யவேண்டியவை தெளிவானவை. முதலாவது, மின்பாதையைப் பயன்படுத்தும் எவரும் செலுத்தும் கட்டணத்தில், அதைப் பராமரிக்கும் ஊழியரின் முழுச் செலவும், ஓய்வூதியம் உட்பட, அடங்க வேண்டும். அப்போதுதான் போட்டி சமதளத்தில் நடக்கும். இரண்டாவது, எந்த நிறுவனமாயினும் இத்தனை கிலோமீட்டர் மின்பாதைக்கு இத்தனை பயிற்சி பெற்ற நிரந்தர ஊழியர் என்பது உரிம நிபந்தனையாக வேண்டும். மூன்றாவது, ஒப்பந்தத் தொழிலாளரையும் சேர்த்து விபத்து, உயிரிழப்புக் கணக்கை ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அது தரவரிசையில் மதிப்பெண்ணாக வேண்டும். நான்காவது, மின்சாரச் சட்டத்தின் 65ஆம் பிரிவு கூறுகிறபடி, மானியத் தொகையை மாநில அரசு முன்கூட்டியே செலுத்த வேண்டும். ஐந்தாவது, இவை எதற்கும் தில்லியை எதிர்பாராமல், காலியாக உள்ள களப்பணியிடங்களைத் தமிழ்நாடு தானாகவே கட்டம் கட்டமாக நிரப்பலாம்.

நல்ல வேலையளிப்பவரே நீண்டகாலத்தில் நல்ல போட்டியாளர். பயிற்சி பெற்ற ஊழியர் இருக்கும் இடத்தில் பழுது குறையும். பழுது குறைந்தால் இழப்பு குறையும். இழப்பு குறைந்தால் கட்டணத்தைக் கட்டுக்குள் வைக்கலாம். ஊழியரின் பாதுகாப்பில் மிச்சம்பிடித்து மலிவாக விற்கும் நிறுவனம், அந்த மலிவுக்கான விலையை வேறொருவரின் வீட்டில் வசூலிக்கிறது. நாளை நம் பில்லின் தலைப்பில் எந்த நிறுவனத்தின் பெயர் இருக்கும் என்பதைவிட, மழை இரவில் நம் தெருக் கம்பத்தில் ஏறுபவர் எந்தக் காப்புடன் ஏறுகிறார், வீடு திரும்புகிறாரா என்பதே முக்கியம். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாத எந்தத் திருத்தமும் சீர்திருத்தம் ஆகாது.