பழைய விளையாட்டும் புதிய பொறியும்

நூறு ஆண்டுகளுக்கு முன் அச்சான நூலொன்றை இன்று கையில் எடுத்தாலும், எழுத்தறிந்தவர் அதனைப் படித்துவிடலாம். இசைத்தட்டு அத்தகையதன்று. அதனைப் பாடவைக்க யந்திரம் ஒன்று வேண்டும். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் தட்டுகள் வழக்கொழிந்து, 33, 45 என்னும் வேகங்களிற் சுழலுந் தட்டுகள் பரவிய காலத்திலே, அவற்றுக்கான பொறிகளைச் செய்தோர் பலர் ஒரு சிறு விசையையும் அவற்றில் அமைத்தனர். அவ்விசையைத் திருப்பினால் பழைய தட்டும் பாடும். அச்சிறு விசையின் தயவால் எத்தனையோ வீடுகளிற் பழைய பாடல்கள் பிழைத்தன.

வீடியோ விளையாட்டுகளின் உலகில் அந்த விசைக்குப் 'பின்னோக்கிய இசைவு' என்று பெயர். பழைய பொறிக்கென வாங்கிய விளையாட்டைப் புதிய பொறியும் ஏற்று நடத்துதலே அதன் பொருள். இது சிறுவர் சங்கதி என்று பெற்றோர் ஒதுக்கிவிடலாகாது. பொறியையும் விளையாட்டையும் வாங்கும் பணம் அவர்களுடையது. அப்பணம் ஐந்தாறு ஆண்டுகளிற் பயனற்றுப் போவதும் போகாததும் இவ்விசைவைப் பொறுத்தனவே.

பழைய உறுப்பைச் சுமந்த பொறிகள்

விளையாட்டு என்பது ஒரு குறிப்பிட்ட பொறிக்கென எழுதப்பட்ட கட்டளைகளின் தொகுதி. பொறியின் மூளையாகிய செயலிக்கு ஒரு தனிமொழி உண்டு. பொறி மாறினால் அம்மொழியும் பெரும்பாலும் மாறிவிடும். தமிழ் மட்டும் அறிந்தவன் கையிற் சீன மொழிக் கடிதத்தைக் கொடுத்தால் அவன் யாது செய்வான்? புதிய பொறியின் நிலையும் அதுவே.

இவ்விடரைக் கடக்க இரண்டு வழிகள் உள. பழைய பொறியின் செயலியையே புதிய பொறிக்குள் வைத்துவிடுதல் முதல் வழி. நின்டென்டோ நிறுவனம் 2001 இல் வெளியிட்ட கேம்போய் அட்வான்ஸ் இவ்வாறு அமைந்தது. 1989 இல் வந்த முதற் கேம்போயின் விளையாட்டுகளும் அதில் இயங்கின. மூத்தவன் விளையாடியதைப் பன்னிரண்டு ஆண்டுகளின் பின் இளையவனும் விளையாட முடிந்தது.

சோனி நிறுவனம் செய்தது இன்னுஞ் சாமர்த்தியமானது. 1994 இல் யப்பானில் வெளிவந்த முதற் பிளேஸ்டேஷனின் செயலியை, 2000 ஆம் ஆண்டில் வந்த பிளேஸ்டேஷன் 2 இற்குள் வைத்து, அதற்கு வேறொரு வேலையும் கொடுத்தது. புதிய விளையாட்டு நடக்கும்போது அப்பழைய செயலி ஏவலாளாக நின்று சிறு பணிகளைக் கவனிக்கும். பழைய இறுவட்டை இட்டாலோ அதுவே தலைமை ஏற்கும். அப்பொறி 16 கோடிக்கு மேல் விற்பனையாயிற்று. விற்பனைக்குக் காரணங்கள் பலவாயினும், கையிலிருந்த இறுவட்டுகளை வீசியெறிய வேண்டாம் என்பதும் வாங்கியோரைக் கவர்ந்த ஒன்றாகும்.

ஆயின் பழையதைச் சுமப்பதற்குக் கூலி உண்டு. 2006 இற் பிளேஸ்டேஷன் 3 வந்தபோது, அதற்குள்ளும் முந்திய பொறியின் உறுப்புகள் முழுமையாக வைக்கப்பட்டன. அமெரிக்காவில் அதன் விலை 499 டொலரும் 599 டொலருமாக இருந்தது. அவ்விலையும் உற்பத்திச் செலவுக்குப் போதவில்லை. எனவே 2007 மார்ச்சில் ஐரோப்பாவுக்கு வந்த பொறியிற் பழைய செயலி நீக்கப்பட்டு, அதன் வேலையில் ஒரு பகுதி மென்பொருளிடம் விடப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் விலை குறைந்த புதிய வடிவம் ஒன்று வந்தது. அதிலே பிளேஸ்டேஷன் 2 இறுவட்டுகளுக்கு இடமே இல்லை.

பெட்டியின் மேல் எழுதிய பெயர் ஒன்றே. உள்ளே இருந்த பொருள் வேறு. முன்பு வாங்கியவர் வீட்டிற் பழைய விளையாட்டு நடந்தது. பின்பு வாங்கியவர் வீட்டில் நடக்கவில்லை. இதனை நாம் வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இசைவு என்பது இயற்கை தருவதும் அன்று, இயற்கை மறுப்பதும் அன்று. கணக்கேட்டை முன்வைத்து மனிதர் செய்யும் முடிவே அது.

மொழிபெயர்க்கும் பொறிகள்

இரண்டாவது வழி மொழிபெயர்ப்பாளரை அமர்த்துதல். பழைய செயலிக்கென எழுதிய கட்டளைகளை ஒரு மென்பொருள் படித்து, புதிய செயலிக்கு விளங்குமாறு உடனுக்குடன் மாற்றிக் கொடுக்கும். கூத்திலே ஒருவன் அரசன் வேடம் புனைவதுபோலப் புதிய பொறி பழைய பொறியின் வேடத்தைப் புனைகிறது. பழைய விளையாட்டு அவ்வேடத்தை உண்மையென நம்பி நடக்கிறது.

மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் முதல் எக்ஸ்பொக்ஸ் 2001 இல் இன்டெல் செயலியுடன் வந்தது. 2005 இல் வந்த எக்ஸ்பொக்ஸ் 360 இன் செயலியோ முற்றும் வேறானது. ஆகையால் மென்பொருளின் உதவியுடன், தேர்ந்தெடுத்த நானூற்றுக்கும் மேற்பட்ட பழைய விளையாட்டுகள் மட்டும் அதில் நடந்தன. 2013 இல் எக்ஸ்பொக்ஸ் வன் வந்தபோது முந்திய விளையாட்டு எதுவும் அதில் நடக்கவில்லை. முடியாத காரியம் என்றே பலர் எண்ணினர். 2015 நவம்பரில் அந்நிறுவனத்தின் பொறியியலாளர் அதனை முடித்துக் காட்டினர். பழைய இறுவட்டை இட்டவுடன், புதிய பொறிக்கென ஆயத்தஞ் செய்த பிரதி இணையத்தின் வழியே வந்து சேரும். இறுவட்டு, இவர் இதனை விலைகொடுத்து வாங்கியவர் என்பதற்குச் சான்றாக நிற்கும். அறுநூற்றுக்கும் மேற்பட்ட எக்ஸ்பொக்ஸ் 360 விளையாட்டுகள் இவ்வாறு மறுபிறப்பு எய்தின.

2021 நவம்பரில் 76 விளையாட்டுகளைச் சேர்த்தபின், இனிச் சேர்ப்பதற்கில்லை என்று அந்நிறுவனம் அறிவித்தது. தொழினுட்பத் தடைகளோடு உரிமம், சட்டம் என்பவற்றின் தடைகளும் காரணமாகக் கூறப்பட்டன. ஒரு விளையாட்டுக்குள் பலருடைய உடைமைகள் கலந்திருக்கும். பாடல் ஒருவருடையது, காரின் உருவம் இன்னொருவருடையது, கதைமாந்தர் மூன்றாமவருடையவர். 2010 இல் வெளியான அலன் வேக் என்னும் விளையாட்டு, அதிலுள்ள பாடல்களின் உரிமக்காலம் முடிந்தமையால் 2017 இல் இணையக் கடைகளிலிருந்து நீக்கப்பட்டது. உரிமம் புதுப்பித்த பின்னரே, அடுத்த ஆண்டில் மீண்டும் விற்பனைக்கு வந்தது. பொறியியலாளரின் மதிநுட்பம் ஒரு பூட்டைத்தான் திறக்கும். சட்டத்தரணியின் பூட்டுக்குத் திறவுகோல் வேறு.

எத்தனை மொழிபெயர்த்தாலும் தப்பிப்போவனவும் சில உள. 1984 இல் வந்த டக் ஹன்ட் என்னும் வாத்து வேட்டையில், தொலைக்காட்சியை நோக்கித் துப்பாக்கி பிடித்துச் சுடவேண்டும். பழைய தொலைக்காட்சிக் குழாய் ஒளியை வீசும் முறையை அறிந்தே அத்துப்பாக்கி குறியைக் கணிக்கும். இன்றைய தட்டைத் திரையில் அது குருடாகிவிடுகிறது.

கடை அடைத்தால்?

இப்போது இன்னொரு சிக்கலும் சேர்ந்துள்ளது. விளையாட்டுகள் பல கையில் பிடிக்கக்கூடிய பொருளாக வாராமல் இணையத்தின் வழியே விற்கப்படுகின்றன. நின்டென்டோ தன் வீ யூ, 3டிஎஸ் பொறிகளின் இணையக் கடைகளை 2023 மார்ச்சில் அடைத்தது. எக்ஸ்பொக்ஸ் 360 இன் கடை 2024 ஜூலையில் அடைக்கப்பட்டது. அக்கடைகளில் மட்டும் விற்கப்பட்ட விளையாட்டுகளை இனி நேர்வழியில் வாங்க இயலாது.

அமெரிக்காவில் வீடியோ விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை 2023 இல் ஆய்வொன்றை வெளியிட்டது. 2010 ஆம் ஆண்டுக்கு முன் அந்நாட்டில் வெளியான விளையாட்டுகளில் நூற்றுக்கு 87 இன்று விற்பனையில் இல்லை என்பது அதன் முடிவு. இசைவு இல்லாத இடத்தில் அவற்றை நாடுவோர்க்கு உடைந்த பழம்பொறியும் களவுப் பிரதியுமே எஞ்சுகின்றன.

விளையாட்டுப் பொருள் போனாற் போகட்டும், புதியது வாராதா என்று சிலர் கேட்கலாம். நிறுவனங்களின் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. சிலரே விளையாடும் பழைய இறுவட்டுக்காக எல்லாரும் வாங்கும் பொறியின் விலையை ஏன் உயர்த்த வேண்டும் என்பது அவர்கள் வாதம். ஆயினும் பல கலைஞர் ஆண்டுக்கணக்காய் உழைத்து ஓவியம், இசை, கதை யாவற்றையுஞ் சேர்த்து இயற்றிய படைப்பு, பத்து ஆண்டுகளில் எவருங் காணமுடியாததாகிவிடின், அது செலவுக் கணக்கு மட்டும் ஆகாது. நாளை இக்கலையைப் பயிலப்போகும் மாணவன் முன்னோர் செய்ததைப் பார்த்துக் கற்க வேண்டாமா?

பொதுமக்களின் சொல்லுக்குப் பலன் உண்டு என்பதற்குச் சான்றும் உள்ளது. பிளேஸ்டேஷன் 3 இன் இணையக் கடையை அடைக்கப் போவதாக 2021 மார்ச்சிற் சோனி அறிவித்தது. எதிர்ப்பு எழுந்தது. அடுத்த மாதமே அம்முடிவு கைவிடப்பட்டது.

வாங்கும் முன்

நம் வாசகர்க்கு நாம் சொல்லக்கூடியவை சில. புதிய பொறியை வாங்குமுன், வீட்டிலுள்ள பழைய விளையாட்டுகள் அதில் நடக்குமா என்று பெயர் பெயராகக் கேளுங்கள். பொறியின் பெயரை மட்டும் நம்பாமல், அதன் வடிவத்தையும் கேளுங்கள். 2020 இல் வந்த பிளேஸ்டேஷன் 5 முந்திய பொறியின் விளையாட்டுகளில் மிகப் பெரும்பான்மையை ஏற்கும். ஆனால் இறுவட்டு இடும் வாயில்லாத வடிவத்தை வாங்கியவர், தம்மிடமுள்ள இறுவட்டுகளை எங்கே இடுவார்? 2025 ஜூனில் வந்த நின்டென்டோ சுவிட்ச் 2 முந்திய சுவிட்சின் பெரும்பாலான விளையாட்டுகளை ஏற்கிறது. எனினும் அதற்கென விற்கும் அட்டைகள் சிலவற்றில் விளையாட்டே இல்லை. இணையத்திலிருந்து இறக்குவதற்கான திறவுகோல் மட்டுமே உண்டு. பெட்டியின் மேல் எழுதியதைப் படித்துப் பார்த்தே பணத்தைக் கொடுங்கள்.

புதியது வந்தவுடன் பழைய பொறியை அற்பவிலைக்குத் தள்ளிவிடவும் வேண்டாம். தூசி தட்டி, உலர்ந்த இடத்தில், அதற்குரிய கம்பிகளுடன் சேர்த்துக் கட்டி வையுங்கள். கணினி பயிலும் மாணவர்க்கோ இதிலே நல்ல பாடம் ஒன்று உண்டு. ஒரு பொறியின் மொழியை இன்னொன்றுக்கு விளங்கவைக்கும் கலையைக் கற்பவர், யந்திரத்தின் உள்ளத்தையே கற்றவராவர்.

புதியதைச் செய்வோரின் திறமையை உலகம் எளிதிற் போற்றும். புதியதன் உள்ளே பழையதற்கும் ஓரிடம் ஒதுக்குவோரின் திறமை அதனினுங் குறைந்ததன்று. கடைக்குச் செல்லும்போது அவ்விடத்தைக் கேட்டு வாங்குவது நம் கடமை. கேட்பார் இல்லாத பொருளை எந்த வணிகனும் செய்துவைக்கப் போவதில்லை.