எண்பதுகளின் ராஜாவும் அதற்கப்புறமும்

தேனி பஸ் ஸ்டாண்டில் ஏறி கம்பத்தில் இறங்கும் வரைக்கும் சளைக்காமல் சண்டை போட ஒரு விஷயம் உண்டென்றால் அது இளையராஜாதான். "எண்பதுகளோட ராஜா முடிஞ்சிட்டாருப்பா" என்பது ஒரு கட்சி. "உனக்குக் கேக்கத் தெரியல" என்பது எதிர்க்கட்சி.

முதல் கட்சியின் வாதத்தைச் சும்மா தள்ளிவிட முடியாது. 1976-ல் அன்னக்கிளி வந்ததும் பண்ணைப்புரத்து மண்வாசனை தமிழ்நாடு முழுக்க அடித்தது. எண்பதுகளில் இருந்த அந்த வேகமும் எண்ணிக்கையும் பிற்பாடு இல்லை, உண்மைதான். ஆனால் சினிமாவுக்கு வெளியே அவர் செய்ததையெல்லாம் 'வயசான காலத்து ஆசை' என்று ஒதுக்குவதில்தான் கோளாறு. தியாகராஜருக்கும் பாஹுக்கும் காணிக்கையாக்கிய 'ஹவ் டு நேம் இட்' வந்தது 1986-ல். ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு 'நத்திங் பட் விண்ட்' 1988-ல். இரண்டுமே அவர் உச்சத்தில் இருந்தபோது வந்தவை! 2005-ல் வந்த திருவாசகமும், 2025 மார்ச் 8-ல் லண்டனில் ராயல் பில்ஹார்மானிக் இசைக்குழு வாசித்த 'வேலியண்ட்' சிம்பொனியும் அதே பாதையின் தொடர்ச்சிதான்.

சினிமாப் பாட்டுக்குக் கதை இருக்கும், முகம் இருக்கும், கேட்பவரின் சொந்த ஞாபகமும் ஒட்டிக்கொள்ளும். சிம்பொனிக்கு அந்த ஒத்தாசை எதுவும் கிடையாது. நாலு பகுதியையும் உட்கார்ந்து கேட்டாக வேண்டும்.

கேட்டுவிட்டு 'பிடிக்கல' என்று சொன்னால் தப்பேயில்லை. நம்ம ஊர்க்காரர் என்பதற்காகக் கேட்காமலே கைதட்டுவதும், பழைய கேசட் மாதிரி இல்லை என்று கேட்காமலே திட்டுவதும் ஒன்றுதான். இரண்டிலுமே இசைக்கு இடமில்லை.