லேப்டாப்பை மூடுங்க சாமி!

டிஸ்கி: கார் பைத்தியம் பிடிச்ச ரங்கமணிகளுக்கும், அவங்களைக் கட்டிக்கிட்டு அல்லாடுற தங்கமணிகளுக்கும் எழுதுற பதிவு இது. ஸ்கூட்டியில போற புண்ணியவான்கள் அடுத்த பதிவுக்கு வாங்க.

இங்க புனேயில நம்மூர்ப் பசங்க நாலு பேர் கூடினா முன்னெல்லாம் ஃப்ளாட் விலை பேசுவாங்க. இப்போ ரீமேப் பேசறாங்க. போலோ ஜி.டி., விர்ட்டஸ், ஸ்லாவியா, பழைய ஆக்டேவியான்னு ஆளுக்கொரு டர்போ பெட்ரோல் வண்டி. ஈ.சி.யூ.ன்னு சொல்ற இன்ஜின் கம்ப்யூட்டருக்குள்ள கையை விட்டு இன்னும் கொஞ்சம் குதிரைங்களைக் கட்டணுமாம். எப்படிங்கறதுலதான் ரெண்டு கட்சி.

முதல் கட்சி, கையடக்க ட்யூனர். மொபைல் மாதிரி ஒரு டப்பா. ஸ்டீயரிங்குக்குக் கீழ இருக்கிற ஓ.பி.டி. போர்ட்டுல செருகினா ரெடிமேட் மேப்பை வண்டிக்குள்ள எழுதும். வேண்டாம்னா கம்பெனி மேப்பைத் திருப்பி எழுதும். வண்டி ஓடும்போது உள்ள என்ன நடக்குதுன்னு லாகும் எடுக்கும். ஒரு வண்டியில போட்டா அந்த வண்டியோட பூட்டிக்கும். அங்கிருந்து கழட்டினாத்தான் அடுத்த வண்டிக்குப் போகும்.

ரெண்டாவது கட்சி, சாஃப்ட்வேர். அமெரிக்க வண்டின்னா எச்.பி. ட்யூனர்ஸ், ஐரோப்பிய வண்டின்னா வின்-ஓ.எல்.எஸ். லேப்டாப்புல மேப்பைத் திறந்து, பூஸ்ட், இக்னிஷன் டைமிங், டார்க் அளவுன்னு ஒவ்வொரு கட்டத்துலயும் நாமே நம்பர் மாத்தலாம்.

நம்மாளுங்க ஓட்டு ரெண்டாவதுக்குத்தான். காரணம் கேட்டா, "நாமதான் சாஃப்ட்வேர் ஆளாச்சே!" எனக்குக் கோபம் வர்ற இடம் இதுதான். ஜாவா தெரிஞ்சவனுக்கு இக்னிஷன் டைமிங் தெரியும்னா, ஆஸ்பத்திரி கணக்குப்பிள்ளைக்கு ஆபரேஷனும் தெரியணும். ஆபீஸ்ல கோடு சொதப்பினா ராத்திரியோட ராத்திரியா பழைய வெர்ஷனை ஏத்திக்கலாம். பிஸ்டன் உடைஞ்சா பழைய வெர்ஷன் கிடையாது, பில்லுதான் உண்டு.

சரி, விஷயத்துக்கு வருவோம். நம்ம வண்டிக்கு உண்மையான பரீட்சை எங்க நடக்குது? ஞாயித்துக்கிழமை காலையில காலி எக்ஸ்பிரஸ்வேயிலயா? இல்லீங்க. மே மாச லீவுல ஊருக்குப் போற ரோட்டுல. பெங்களூருக்கே 800 கிலோமீட்டருக்கு மேல. அப்புறம் ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம்னு அவங்கவங்க ஊர். ரெண்டு பசங்க, பாட்டி, டிக்கி நிறைய பெட்டி, ஏசி ஃபுல்லு. சத்தாரா போறதுக்குள்ளயே கம்பட்கி காட் ஏத்தம். உள்ள போற காத்து கொதிக்கும். ப்ளக் பத்த வச்ச தீ போய்ச் சேர்றதுக்குள்ள மிச்சப் பெட்ரோல் தானா வெடிக்கிறதைத்தான் நாக்கிங்னு சொல்றோம். அது பிஸ்டனைத் தின்னும். ஆக்டேன் குறையக் குறைய, பூஸ்ட் ஏற ஏற, அந்த ஆபத்தும் ஏறும்.

100 ஆக்டேன் பெட்ரோலை இண்டியன் ஆயில் 2020 டிசம்பர்ல கொண்டுவந்தப்போ, முதல்ல கிடைச்ச ஊர்கள்ல புனேயும் ஒண்ணு. அதை நம்பி இங்க மேப் போட்டுக்கிறீங்க. சித்ரதுர்கா பக்கம் ராத்திரி 10 மணிக்கு நீங்க நிறுத்துற பங்க்ல அது இருக்குமா? இல்லேன்னா, லேப்டாப் வச்சிருக்கற ஆள் புனேயில தூங்கிட்டு இருப்பார். கையில டப்பா இருந்தா, கிளம்புறதுக்கு முந்தின நாளே வீட்டு வாசல்ல கம்பெனி மேப்புக்குத் திரும்பிட்டு நிம்மதியாப் போகலாம். (எழுதும்போது பேட்டரி தெம்பா இருக்கணும். வோல்டேஜ் பாதியில விழுந்தா ஈ.சி.யூ. கோமாவுக்குப் போயிரும்.) என் கட்சி இதுதான்: ஒரிஜினலுக்குத் திரும்பற சாவி குடும்பத்தோட பயணம் பண்றவன் கையிலயே இருக்கணும்.

அதுக்காக டப்பாவைக் கண்ணை மூடிக்கிட்டு வாங்கிராதீங்க. அதுல ஒரு பெரிய பொறி இருக்கு. அமெரிக்கப் பங்க்ல எழுதியிருக்கற ஆக்டேன், ரெண்டு விதச் சோதனையோட சராசரி. நம்மூர்ல சொல்றது ஆர்.ஓ.என். மட்டும். அவங்க 91, நம்ம கணக்குல கிட்டத்தட்ட 95, 96. நாம பல வருஷமா கேட்டுப் பழகின சாதா பெட்ரோல் 91, அவங்க கணக்குல வெறும் 87. மச்சான் அமெரிக்காவுல இருந்து கொண்டுவந்த டப்பாவுல "91" மேப்பைத் தட்டிவிட்டு, இங்க 91 போட்டா கதை கந்தல்!

அடுத்தது எத்தனால். 2025-க்குள்ள நாடு முழுக்க ஈ20 வந்தாச்சு. சுத்தப் பெட்ரோல் ஒரு கிலோ முழுசா எரிய 14.7 கிலோ காத்து வேணும். ஈ20-க்கு 13.5 பக்கம் போதும். அதாவது அதே காத்துக்கு இன்னும் கொஞ்சம் பெட்ரோல் ஊத்தணும். மெதுவா ஓட்டும்போது ஆக்ஸிஜன் சென்சார் பார்த்துச் சரி பண்ணிக்கும். முழுசா மிதிக்கும்போது இன்ஜெக்டரும் பம்பும் ஈடு கொடுக்குதான்னு லாக் பார்த்தாத்தான் தெரியும். லாக் பார்க்காம எழுதின மேப், ரத்தம் டெஸ்ட் பண்ணாம எழுதின மருந்துச் சீட்டு.

கியர்பாக்ஸையும் மறக்காதீங்க. விர்ட்டஸ், ஸ்லாவியா 1.5 டி.எஸ்.ஐ. கம்பெனியிலேயே 250 நியூட்டன் மீட்டர் தருது. அதோட வர்ற 7 கியர் ட்ரை க்ளட்ச் டி.எஸ்.ஜி.க்கு வகுத்த எல்லையும் 250 தான். அதுக்கு மேல ஏத்தறது லேப்டாப்புல ஒரு நம்பர். க்ளட்ச்சுக்கு அது தினசரி சித்திரவதை.

சாஃப்ட்வேர் கட்சியில நியாயமே இல்லையான்னு கேட்டா, இருக்கு. பெரிய டர்போ, வேற இன்ஜெக்டர் மாட்டினவனுக்கு ரெடிமேட் மேப் உதவாது. அவன் வண்டிக்குன்னே தனியா எழுதணும், அதுக்கு சாஃப்ட்வேர்தான் வழி. ஆனா அது அந்தத் தொழிலையே செய்யறவர் கையில இருக்கட்டும். அவர் எழுதின மேப்பை மெயில்ல வாங்கி, உங்க டப்பாவுல ஏத்தி, ஓட்டி, லாகை அவருக்குத் திருப்பி அனுப்புங்க. நல்ல டப்பா எல்லாம் இதுக்கு வழி வச்சிருக்கு. அவருக்கு அறிவு, உங்களுக்கு சாவி. சண்டை முடிஞ்சது.

எல்லா வண்டிக்கும் டப்பா கிடைக்காதே? உண்மைதான். அப்போ கடைக்காரர்கிட்ட நாலு கேள்வி கேளுங்க:

1. என் வண்டியோட ஒரிஜினல் ஃபைலை எனக்குக் கொடுப்பீங்களா?
2. முன்னாடி, பின்னாடி லாக் காட்டுவீங்களா?
3. எந்தப் பெட்ரோலுக்கு எழுதறீங்க? சாதா பெட்ரோலுக்குத் தனி மேப் உண்டா?
4. நீங்க வச்சிருக்கற கருவி அசலா, இணையத்துல மலிவா வாங்கின போலியா?

முகம் சுளிச்சா வண்டியைத் திருப்பிக்கிட்டு வந்துருங்க.

"வாரன்டிக்குப் போகும்போது ஸ்டாக் ஆக்கிட்டா தெரியாது மச்சி"ன்னு ஒருத்தர் சொல்வார். ஃபோக்ஸ்வேகன் வகை ஈ.சி.யூ.க்கள் எத்தனை தடவை எழுதினாங்கன்னு எண்ணி வச்சிருக்கும். சட்டமும் இருக்கு. 2019 திருத்தத்துல மோட்டார் வாகனச் சட்டத்துல சேர்ந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொண்ணுக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லேன்னா 6 மாசம் வரை ஜெயில், இல்லே ரெண்டும்னு சொல்லுது. இன்ஷூரன்ஸ்காரர்கிட்ட சொல்லாத மாற்றம் க்ளெய்ம் அன்னிக்குத் தலைதூக்கும். இதையெல்லாம் தங்கமணிகிட்ட சொல்லிட்டுத்தான் பணத்தைக் கட்டணும், காசு ரெண்டு பேரோடதுதானே.

அடுத்த லீவுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி, வண்டியில எந்த மேப் ஓடுதுன்னு ரங்கமணியை ஒரு தடவை கேட்டுருங்க தங்கமணிகளே. பதில் வர லேட்டானா ரயில் டிக்கெட் போட்டுருங்க :-)